மருந்துக்கு முன் நோயாளி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெற வருவோர் கூறும் குறைகளுள் ஒன்று, செவிலியர் பல கேள்விகள் கேட்டுக் காலம் தாழ்த்துகிறார் என்பதாகும். பெயரைக் கேட்கிறார், காலையில் உணவருந்தியதுண்டா என்கிறார், கைநாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு இவையெல்லாம் எதற்கு என்று ஒன்றிய அலுவலகம் வரை வந்து முறையிடுவாரும் உளர். இவை வீண் சம்பிரதாயங்கள் அல்ல. மருந்து நன்மை செய்வதும் தீமை செய்வதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தும் செவிலியர் பயிற்சியில் தொடக்கத்திலேயே வற்புறுத்தப்படுகின்றன. முதலாவது மிக எளிதெனத் தோன்றும். ஆனால் தெய்வத்தின் பெயரை வீட்டுக்கொருவர் தாங்கிய நம் ஊர்களில், ஒரே வரிசையில் மூன்று மாரியம்மாள்கள் நிற்பது புதுமையன்று. ‘மாரியம்மாள்தானே?’ என்று கேட்டால் மூவரும் ஆமென்பர். ஆகவே பெயரை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து, தந்தை அல்லது கணவர் பெயரையும் வயதையும் சீட்டோடு ஒப்பிடுவதே முறையாகும்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். குழந்தைகளுக்குக் காய்ச்சல் தணியக் கொடுக்கும் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்குரிய கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். ஆனால் இம்மருந்து ஒரே வலிமையில் கிடைப்பதில்லை. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100. சிரப்பு தீர்ந்துபோன வீட்டில், சொட்டு மருந்தை அதே 5 மில்லி மூடியால் அளந்து புகட்டினால் 500 மில்லிகிராம் உள்ளே சென்றுவிடும். மீண்டும் மீண்டும் அவ்வாறு கொடுத்தால் கல்லீரல் பழுதுபடும். சங்கும் பாலாடையும் பால் புகட்ட ஏற்றவை, மருந்தளக்க ஏற்றவையல்ல. குழந்தையை எடைபோடாமல் மருந்து தரச் செவிலியர் இசையாததும், ‘வீட்டில் ஏற்கெனவே ஏதேனும் கொடுத்தீர்களா, எப்போது கொடுத்தீர்கள்?’ என்று கேட்பதும் இக்காரணம் பற்றியே. அக்கேள்விக்கு, திட்டுவாரோ என்றஞ்சி, இல்லையென்று கூறிவிடுவது குழந்தைக்குச் செய்யும் தீங்காகும்.

காய்ச்சலோடு இருமலும் உள்ள குழந்தையின் சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுவதைச் சிலர் வேடிக்கையாகப் பார்ப்பர். 2 மாதம் நிறைந்து ஓராண்டு நிறையாத குழந்தைக்கு நிமிடத்திற்கு 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் மூச்சு ஓடினால் நிமோனியா என்று ஐயுற இடமுண்டு. காய்ச்சல் மருந்தோடு வீட்டிற்கு அனுப்பத்தக்க குழந்தையன்று அது. அழும் குழந்தையின் மூச்சை எண்ணிப் பயனில்லை. அது அமைதியுறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர் இன்று சிற்றூர்களிலும் பலர். இம்மருந்து 1 மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளில் விற்கப்படுகிறது. சிரிஞ்சுகளும் அவற்றிற்கேற்ப இருவகை. 100 வலிமையுள்ள மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது 20 அன்று, 50 யூனிட். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் கண்டு, நினைவும் தப்பலாம். புட்டியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண்கள் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. சாப்பிட்டாயிற்றா என்ற கேள்வியும் உபசாரத்திற்காகக் கேட்கப்படுவதன்று.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அது முதல் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பெரும் வசதிதான். எனினும் தனியார் டாக்டரிடமும் மருந்து வாங்குவோர், ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் இருமுறை விழுங்க நேரிடலாம். வீட்டிற்கு வருபவரிடம் இதனை மறைக்கலாகாது.

பிரசவ வேளையில்தான் உறவினரின் அவசரம் எல்லை மீறுகிறது. ‘வலி வர ஊசி போடுங்களேன்’ என்று செவிலியரை நெருக்குவது எங்கும் காணும் காட்சி. ஆக்ஸிடோசின் என்னும் அம்மருந்தைத் தக்க ஆய்வும் கண்காணிப்புமின்றிப் பிரசவத்திற்கு முன் செலுத்தினால் கருப்பை கிழியவும், குழந்தைக்குப் பிராணவாயு குன்றவும் கூடும். அதே மருந்து, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் 10 யூனிட் தசையில் செலுத்தப்படும்போது, உதிரப்போக்கைக் குறைத்துத் தாயின் உயிரைக் காக்கிறது. அப்போதும் செவிலியர் முதலில் வயிற்றின்மேல் கைவைத்துப் பார்க்கிறார். உள்ளே இரட்டையரில் மற்றொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே ஊசியை எடுக்கிறார்.

அலுவலர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. மருந்து வழங்கும் வேளையில் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்துப் புள்ளிவிவரம் கேட்டால் அவர் கவனம் சிதறும். பதிவேடு பிற்பகல் வரை காத்திருக்கும்.

மருத்துவமனைக்குப் புறப்படுகையில், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வாங்கிய இடம் எதுவாயினும், ஒரு பையிலிட்டு உடன் கொண்டுவருதல் நன்று. அட்டையைக் கத்தரிக்கும்போது, பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட பகுதியைக் கடைசி மாத்திரை வரை விட்டுவைக்க வேண்டும்.