கட்டத்தில் சிக்கிய தமிழ்

புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தை மேசைக் கணினியில் ஒருமுறையும் கைபேசியில் ஒருமுறையும் திறந்து பாருங்கள். கணினியில் அருகருகே நின்ற கட்டங்கள் கைபேசியில் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி நிற்கும். இதற்காக யாரும் இரண்டு பக்கம் தயாரிக்கவில்லை. இருப்பது ஒரே பக்கம்தான். அதற்கு எந்தத் திரையில் எந்த உடை என்று முடிவுசெய்வது தீம்.

இந்தத் தளம் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுச் சட்டகத்தில் அமைந்தது. பல மாவட்டங்களின் தளங்களும் இதில்தான் ஓடுகின்றன. முகஜாடை ஒன்றாக இருப்பது அதனால்தான். பெயரிலுள்ள மூன்று ‘எஸ்’களில் ஒன்று ‘சுகம்யா’, அதாவது எல்லோரும் எளிதில் அணுகத்தக்கது. அந்த எஸ்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இணையப் பக்கத்தில் செய்தி வேறு, அதன் தோற்றம் வேறு என்று பிரித்துவைக்கும் ஒரு வழியை செர்ன் ஆய்வகத்தில் இருந்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ 1994 அக்டோபர் 10 அன்று முன்வைத்தார். 1996 டிசம்பரில் அது சிஎஸ்எஸ் என்ற தரமாக வந்தது. ஆனால், கட்டங்களை வரிசையும் பத்தியுமாக அடுக்க ஒழுங்கான வழி கிடைக்க 2017 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ‘கிரிட்’ வசதி அந்த மாதத்தில்தான் வந்து சேர்ந்தது.

கணக்கு எளிது. ஒரு கட்டத்துக்குக் குறைந்தது 280 பிக்சல் அகலம், இடையில் 20 பிக்சல் சந்து என்று தீமில் எழுதிவிடுகிறோம். திரையின் அகலம் 1200 என்றால் நான்கு கட்டங்கள் அமரும். மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒவ்வொன்றும் 285 ஆகும். 360 அகலமுள்ள கைபேசியில் ஒன்றுக்குத்தான் இடம். இதே மாவட்டத்தின் குடுமியான்மலைப் பாறையில் இசைச் சுரங்களை நான்கு நான்காக, ஏழு பிரிவாக அடுக்கி வெட்டிய கல்தச்சருக்குப் பாறையின் அளவும் தெரியும், பாடமும் தெரியும். தீம் செய்பவருக்கு இரண்டுமே தெரியாது.

தெரியாத இடத்தில் அவர் ஆங்கிலத்தை வைத்து அளவெடுக்கிறார். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பல தீம்களில் கட்டத்தின் தலைப்புக்கு மேலே ஒரு சிறு குறிப்பு இருக்கும். ஆங்கிலத்தில் அது முழுக்கப் பெரிய எழுத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு மிடுக்காகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அந்தக் கட்டளையால் ஒன்றும் நடக்காது. பொடி எழுத்து மட்டும் மிஞ்சும். மேற்கோளைச் சாய்வெழுத்தில் காட்டச் சொன்னால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி நேரெழுத்தையே பிடித்துச் சரித்துவைக்கிறது. பார்க்கச் சகிக்காது.

அடுத்தது உயரம். வரிக்கு வரி இடம் நெருக்கி, மீறியதை மறைத்துவிடு என்று தீம் சொன்னால், சில நேரம் மேலே உள்ள புள்ளி வெட்டுப்படும். ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் இப்படி வெட்டுப்பட்டால் அழகு கெடும். நமக்குச் சொல்லே மாறிவிடும்.

கட்டத்துக்குள் செய்தியின் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டி மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் இன்னும் மோசம். ‘புதுக்கோட்டை’ நமக்கு ஆறெழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் கணினிக்கு அது பன்னிரண்டு. ஏழோடு நிறுத்து என்றால் ‘புதுக்க’ என்று நிற்கும். கோட்டையின் ‘கோ’ குறியை இழந்து வெறும் ‘க’ ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டுகிற பழைய நிரலாக இருந்தால் இன்னும் சிக்கல். யுடிஎஃப்-8இல் இந்தச் சொல் 36 பைட். இருபதாவதில் கத்தி விழுந்தால் கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டிதான் தெரியும். தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இதில் தேவலாம். சுருக்கத்தைச் சொல்லால் எண்ணி, வழக்கமாக 55 சொல்லில் நிறுத்துகிறது. ஆனால், ‘விண்ணப்பிக்கவேண்டியவர்களுக்கான’ என்பதும் நமக்கு ஒரே சொல்தானே! ஆங்கிலக் கட்டம் பாதி நிறையும் இடத்தில் தமிழ்க் கட்டம் வழிந்துவிடும்.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிட்டால், தமிழுக்கு மட்டும் தனி விதி எழுதலாம்: வரி இடைவெளி கூடுதலாக, சாய்வு வேண்டாம், கட்டத்துக்கு இத்தனை உயரம் என்று ஆணியடிக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும், நீண்ட சொல் இடம் போதாவிட்டால் மடங்கலாம். இதைத் தீமின் மூலக் கோப்பில் எழுதக் கூடாது. அடுத்த புதுப்பிப்பில் அத்தனையும் அழிந்துபோகும். வேர்ட்பிரஸில் 2016 டிசம்பரில் வந்த ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ பெட்டியிலோ, மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் அமையும் சைல்டு தீமிலோ எழுதுவதுதான் முறை. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பக்கம் முழுவதும் பிளாக் எனும் துண்டுகளால் ஆன பிளாக் தீமாக இருந்தால், நிரல் தெரியாதவரும் முழுத் தளத்தின் கட்டங்களையும் இழுத்து இடம் மாற்றலாம்.

இனி சுகம்யா. சிஎஸ்எஸில் ஒரு கட்டத்தை மேலே தூக்கிக் காட்டினால் கண்ணுக்கு மட்டும்தான் அது மேலே. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் மூலக் கோப்பில் உள்ள வரிசைப்படியே படிக்கும். டேப் விசையும் அந்த வழியேதான் போகும். நான்காவதாக எழுதிய அறிவிப்பை முதலாவதாகக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. முக்கியமானதை எழுதும்போதே முதலில் எழுத வேண்டும்.

முக்கியமானது எது என்பது நாளுக்கு நாள் மாறும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையையும் மின்கம்பங்களையும் சாய்த்துப்போட்டது. அப்படியொரு இரவில் ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ, சார்ஜ் தீரப்போகிற கைபேசியில் ஒருவர் ஒரு தளத்தைத் திறந்தால், முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் பெரிய படங்கள் அவருக்கு எதற்கு? டேட்டாவைத் தின்று, தேவையான கட்டத்தைக் கீழே தள்ளுவதுதான் அவை செய்யும் வேலை. புயல் காலத்துக்கென்று படமில்லாத ஒரு முகப்பைத் தீமிலேயே முன்கூட்டித் தயாராக வைத்திருக்கலாம். அதன் முதல் கட்டத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இருக்கட்டும். சுவரொட்டிப் படத்துக்குள் அச்சடித்த எண்ணாக இல்லாமல், விரல் பட்டதும் அழைப்புப் போகும் எழுத்தாக.