அடைக்கலம் தந்த அண்டை வீடு

1983 ஜூலையில் இலங்கையின் கொழும்பு நகரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தமிழர் என்பதற்காகவே பலர் கொல்லப்பட்டனர். அந்த நேரத்தில் சிங்களக் குடும்பங்கள் பல, பக்கத்து வீட்டுத் தமிழர்களைத் தங்கள் வீட்டில் மறைத்து வைத்துக் காப்பாற்றின.

சாதி, மதம், மொழியைச் சொல்லி ஒருவரைத் தாக்குவதைப் பார்த்தால் நீங்கள் செய்ய வேண்டியவை:

* குறுக்கே பாயாதீர்கள். விலகி, கடைக்குள்ளோ தெரிந்தவர் வீட்டுக்குள்ளோ சென்று விடுங்கள்.

* உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். போலீஸ் உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

* வதந்தியைப் பரப்பாதீர்கள்.

* பாதிக்கப்பட்டது உங்கள் நண்பன் என்றால், மறுநாள் அவனோடு சேர்ந்தே பள்ளிக்குச் செல்லுங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காருங்கள்.

அடிபட்டவரைத் தனியாக விடாதிருப்பதும் வீரம்தான்!