வளரும் பிள்ளையின் முழங்கால் நோ

"வளருகிற பிள்ளைக்குக் கால் நோகத்தானே செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் பலர், மாலையிலோ நடுச்சாமத்திலோ இரண்டு காலும் உளைகிறதென்று அழுவர். விடிந்ததும் ஓடித் திரிவர். வீக்கமில்லை, காய்ச்சலில்லை, நொண்டலில்லை. இளஞ்சூட்டு ஒத்தடமும் தாயின் கைத்தடவலும் போதும். (எலும்பு வளர்வதாலேயே இந்த நோ வருகிறதென்பதற்கு ஆதாரமில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.)

10 முதல் 15 வயதில், ஓட்டமும் பந்தாட்டமுமாயிருக்கும் பிள்ளைக்கு முழங்காற் சிரட்டையின் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் நோகும். தொடைத்தசை, இன்னும் முற்றாத எலும்பை இழுப்பதே காரணம். ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைத்தால் காலப்போக்கில் ஆறும்.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமையின் பின், காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது வற்றக் கணுக்கால், பின்னர் முழங்கை என நோ இடம் மாறினால் வாதக்காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு சுகமாகிவிடும், இருதய வால்வு பழுதாகலாம். நெருக்கமாக வாழும் இடங்களில் தொண்டைக் கிருமி இலகுவில் தொற்றும். இந்நோய் கண்ட பிள்ளைக்கு 3 அல்லது 4 கிழமைக்கொரு தடவை பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்குத் தேவை. இடம் மாறும் குடும்பங்களில் தவறிப்போவது இந்த ஊசிதான். ஆகவே பங்கீட்டு அட்டையோடு கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்து வைத்தியசாலையில் முதலில் அதைக் காட்டுங்கள்.

ஒரு மூட்டு மட்டும் சூடாகி வீங்கி, காய்ச்சலும் காய்ந்து, பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளே சீழ் இருந்தால் சில நாட்களிலேயே மூட்டு அழியும். எண்ணெய் போட்டு உருவுவதும் பத்துக் கட்டுவதும் இங்கே வேண்டாம்.

நொண்டும் பிள்ளை முழங்காலைக் காட்டினாலும் பழுது இடுப்பு மூட்டில் இருக்கலாம். அதையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். ஒரே காலில் கிழமைக்கணக்காக நோ நீடித்து, இரவில் கூடி, கட்டியும் தெரிந்தால் எக்ஸ்றே எடுக்கவேண்டும். அரிதென்றாலும், எலும்புப் புற்றுநோய் இவ்வயதில் முழங்காலை அண்டியே அதிகம் வருகிறது.

காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். வைத்தியர் பார்க்கும்வரை பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்; அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.