வேரைத் தேடும் மலையகக் குடும்பங்கள்

பிறப்புச் சான்றிதழை நம்மில் பலர் பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் மாத்திரமே எடுத்துப் பார்க்கின்றோம். இந்நாட்டில் நீண்டகாலமாக வழக்கிலிருந்த அச்சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பதற்கென ஒரு கூடு உண்டு. தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரைப் பற்றிக் கேட்கும் கூடு அதனை அடுத்து வரும். மலையகக் குடும்பங்கள் பலவற்றின் பழைய சான்றிதழ்களில் இவ்விரு கூடுகளிலும் வெறுங்கோடே இழுக்கப்பட்டிருக்கும்.

இக்கேள்விகள் தற்செயலாக இடம்பெற்றவையல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டுமென விதித்தது. தோட்டங்களில் நிகழ்ந்த பிறப்புகள் பல பதியப்படாத காலத்து மனிதர்களைப் பற்றி அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் சான்று கேட்கப்பட்டது. வம்ச வரலாறு என்பது பிற சமூகத்தவருக்குப் பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்திருக்கலாம். மலையகத் தமிழருக்கு அது குடியுரிமையைத் தீர்மானித்த பரீட்சையாக அமைந்தது.

1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்ட போதிலும், ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். விசாரணைகளின்போது, ஊருக்குச் சென்று வந்தமையும் உறவினருக்குப் பணம் அனுப்பியமையுங்கூட, இங்கு நிரந்தரமாக வாழும் எண்ணம் இல்லை என்பதற்கான சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. இத்தகைய சூழலில் பூர்வீக ஊரின் பெயரைப் பிள்ளைகளிடம் உரைக்காது விட்ட பெற்றோரைக் குறைகூற முடியாது. அம்மௌனம் ஒரு தற்காப்பாகும். சாதியின் பெயரால் பட்ட அவமானத்தை மறக்க விரும்பியோரும் அவர்களுள் உளர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினைக்குப் பெருமளவில் தீர்வு வழங்கியது. 2023 ஆம் ஆண்டில், வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. நாம் எங்கிருந்து வந்தோம் என்று இளந்தலைமுறையினர் இன்று கேட்கின்றனர். இக்கேள்வியை இனி அச்சமின்றிக் கேட்கலாம். ஆனால், பதில் சொல்லக்கூடியோர் குறைந்து வருகின்றனர்.

தேடலைத் தொடங்குவது எவ்வாறு? முதலில் வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர் நினைவில் இல்லாவிடினும் குலதெய்வத்தின் பெயரும் கங்காணியின் பெயரும் நினைவில் இருத்தல் கூடும். கங்காணிமார் பெரும்பாலும் தம் சொந்த ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உற்றார் உறவினரையே ஆள்திரட்டினர். எனவே ஒரு கங்காணியின் ஊர் தெரியவந்தால், அவர் பிரட்டில் இருந்த பல குடும்பங்களின் ஊரும் தெரியவரக்கூடும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகியன இவ்வாறு ஆள்திரட்டப்பட்ட பகுதிகளுள் முக்கியமானவை.

அடுத்து ஆவணங்கள். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லலாம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகம், மண்டபம் முகாம் வழியாக வந்தோருக்குத் தோட்ட இலக்கம் பொறித்து வழங்கப்பட்ட 'டின் டிக்கட்' எனும் தகர வில்லை, பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தடயமாகும். கூலியைக் கணக்கிடவும் உரிமையை மறுக்கவும் எழுதப்பட்ட ஏடுகளே இன்று இம்மக்களின் குடும்ப வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

இத்தேடலில் பெயர்களே பெருந்தடை. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக வருவதால் தலைமுறைதோறும் அது மாறுகின்றது. ஒரே இராமசாமியை ஆங்கிலம் எழுதிய கிளாக்கர்மார் வெவ்வேறு விதமாக எழுதி வைத்துள்ளனர். ஒரே தோட்டத்தில் ஐந்து மாரியாயிகள் இருந்திருக்கலாம். ஆதலால் பெயரை மாத்திரம் நம்பாது, தோட்டம், பிரிவு, கங்காணி, துணைவரின் பெயர் ஆகியவற்றையும் ஒப்புநோக்க வேண்டும். தாய்வழியைத் தேடுவோர் இதில் கூடிய கவனம் செலுத்த வேண்டும். திருமணத்தின் பின்னர் பெண்ணின் முதலெழுத்து மாறிவிடுகின்றது. கொழுந்து பறித்து இந்நாட்டின் பொருளாதாரத்தைச் சுமந்த பெண்களே ஏடுகளில் எளிதாகக் காணாமற் போகின்றனர்.

தேடல் இலங்கையுடன் முடிவதில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட முனைந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என அன்று வகுக்கப்பட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974 ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் செல்ல, தம்பி அட்டனில் தங்கிய குடும்பங்கள் அநேகம். பாட்டியின் பெட்டியில் இல்லாத பத்திரம், நீலகிரியில் வாழும் பெரியப்பாவின் வீட்டில் இருக்கக்கூடும். ஆகவே, பூர்வீக ஊரைத் தேடுவோர் இடைக்காலத்தில் பிரிந்த உறவையும் தேட வேண்டியவர்களாவர்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகிப் பின்னர் 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. கைமாறிய நிர்வாகங்களில் பழைய ஏடுகள் கறையானுக்கு இரையாவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கவனிப்பாரற்றுக் கிடப்பதே போதும். எஞ்சியுள்ள செக்ரோல்களையும் பிரஜாவுரிமைக் கோப்புகளையும் சேகரித்துப் பாதுகாத்து, வழித்தோன்றல்கள் பார்வையிட வழிசெய்வது அரசினதும் கம்பனிகளினதும் கடமையாகும். பூட்டனாரின் பிறப்புக்குச் சான்று கேட்ட அரசு, அச்சான்றைத் தேடிக்கொள்ள உதவ வேண்டியதும் நியாயமேயாகும். அதுவரை காத்திராது, ஒவ்வொரு குடும்பமும் அறிந்ததை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். சான்றிதழில் வெறுங்கோடாக விடப்பட்ட இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.