கூடைக்காரர் மகனும் குழந்தையின் காய்ச்சல் மருந்தும்

குழந்தைக்கு நெற்றி சுட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் நாம் தேடி எடுப்பது எதை? பாராசிட்டமால் சிரப்பைத்தானே! அது நம் அலமாரிக்கு வந்து சேர்ந்ததில் ஒற்றைக்கண் மனிதர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூலியஸ் ஆக்ஸல்ராட் என்று பேர். ஆனால் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக இல்லை. அது வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

1912-ல் நியூயார்க் நகரில் பிறந்தவர். போலந்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா பூக்கூடை முடைந்து கடைக்காரர்களுக்கு விற்றவர். பையனுக்கோ டாக்டராக வேண்டுமென்று ஆசை. ஒரு வருஷம் காலேஜ் போனதும் பணம் தீர்ந்துவிட்டது. சம்பளம் கட்ட வேண்டாத சிட்டி காலேஜுக்கு மாறி 1933-ல் பட்டம் வாங்கினார். மருத்துவக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டார். ஒன்றிலும் இடம் இல்லை. யூதப் பிள்ளைகளை இத்தனை பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அங்கே அப்போது ஒரு வழக்கம்!

கிடைத்தது மாதம் 25 டாலரில் ஆய்வுக்கூட எடுபிடி வேலை. பிறகு, உணவில் சேர்க்கும் வைட்டமின்களைச் சோதிக்கும் கூடத்தில் உத்தியோகம். அங்கேதான் அம்மோனியா பாட்டில் வெடித்து இடது கண் போயிற்று. 1938-ல் ஸாலி என்ற பெண்ணை மணந்தார். பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று 1941-ல் எம்.எஸ்ஸி. முடித்தார்.

1946-ல் திருப்பம். அப்போது புழக்கத்திலிருந்த தலைவலி மருந்து ஒன்று, அசிட்டனிலைட் என்று பெயர், சிலருக்கு ரத்தத்தைக் கெடுத்து உதட்டை நீலமாக்கியது. காரணம் கண்டுபிடிக்கும் வேலை டாக்டர் பெர்னார்ட் பிராடியிடம் சேர்ந்த ஆக்ஸல்ராடுக்கு வந்தது. அந்த மருந்து உடம்புக்குள் போய் இரண்டாக மாறுகிறது என்று கண்டார்கள். கொஞ்சம் விஷமான அனிலினாகி ரத்தத்தைக் கெடுக்கிறது. பெரும்பகுதி வேறொரு பொருளாகி வலியைப் போக்குகிறது. அப்படியானால் அந்த நல்லதையே நேராகக் கொடுத்தால் என்ன? அதுதான் பாராசிட்டமால்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தயாரித்து, ஆகாது என்று ஓரங்கட்டிய சரக்கு. 1948-ல் இவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அதற்கு மவுசு வந்தது. (நல்லது என்பதற்காக அளவு மீறக் கூடாது, கல்லீரலுக்கு ஆபத்து. குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். சில சளி சிரப்புகளிலும் இதே மருந்து இருக்கிறது. லேபிளைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.)

இத்தனை செய்தும், டாக்டர் பட்டம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது. சரியென்று மறுபடி மாணவராகி 1955-ல் பட்டத்தை வாங்கினார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! அமெரிக்க அரசின் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தில் நரம்பு ஆராய்ச்சி அதற்கப்புறம்தான்.

ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. முதல் நரம்பு நார்அட்ரினலின் போன்ற ஒரு ரசாயனத்தைச் சுரந்து அக்கரைக்குச் செய்தி அனுப்புகிறது. எல்லோரும் செய்தி போவதையே பார்த்தார்கள். சொல்லி முடித்த தூதுவன் பிறகு எங்கே போகிறான்? இவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். சாப்பாடு ஆனதும் பாத்திரத்தைப் பற்றி யோசிக்கிற நமக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்!

அதை அழிக்கும் நொதி ஒன்றை 1957-ல் அவரே கண்டுபிடித்தார். ஆனால் அந்த நொதியைத் தடுத்தாலும் நார்அட்ரினலினின் வேகம் சீக்கிரமே அடங்கியது. வேறு வழி இருக்க வேண்டுமே? கதிரியக்கம் ஏற்றிய நார்அட்ரினலினைப் பூனைகளுக்குச் செலுத்தினார்கள். அது நரம்பு இருக்கும் இடங்களில் போய்ச் சேர்ந்தது. நரம்பை நீக்கிய பக்கத்தில் சேரவில்லை. ஆக, அனுப்பிய நரம்பே பெரும்பாலானதைத் திரும்ப உள்ளே இழுத்து, மறுபடி உபயோகிக்க வைத்துக்கொள்கிறது! கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மறுநாள் சமையலுக்கு வருவதுபோலத்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இமிப்ரமின் மாத்திரை இந்தத் திரும்ப இழுப்பதைத் தடுக்கிறது என்றும் இவர் குழு காட்டியது. பின்னாளில் வந்த ஃப்ளூஆக்ஸெடின், செரடோனின் என்ற இன்னொரு ரசாயனத்தில் இதே வேலையைச் செய்வது.

மனச்சோர்வுக்கு ஒரு ரசாயனக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, விஷயம் சிக்கலானது. ஆனால் பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் சிரிக்காமல், தூங்காமல், குழந்தையை ஏறெடுத்தும் பாராமல் கிடந்தால், "எல்லாம் கொழுப்பு" என்று சொல்லும் வாய்கள் இன்னும் இருக்கின்றனவே! அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பால் கொடுப்பவளுக்கு ஏற்ற மருந்தும் உண்டு, அவர் பார்த்துக் கொடுப்பார். கொடுத்ததைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

1970-ல் உல்ஃப் வான் ஆய்லர், பெர்னார்ட் காட்ஸ் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல் வைத்தியரிடம் போன இடத்தில்தான் அந்தச் செய்தியே அவருக்குத் தெரியுமாம். 1984-ல் ஓய்வு பெற்ற பின்னும் அதே நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சின்னக் குழந்தைகளுக்கு வாத்தியாரம்மாவாக இருந்த ஸாலி 1992-ல் காலமானார். இவர் 2004 டிசம்பரில், 92 வயதில்.