பதினொன்றுக்கு ஒன்பது

1931 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை மாலை. நியூயார்க்கின் மார்கன் வங்கியிலிருந்து வரவேண்டிய தந்தியை எதிர்பார்த்து, லண்டன் டவுனிங் தெருவில் பிரதமர் இல்லத் தோட்டத்தில் தொழிற்கட்சி அமைச்சர்கள் காத்துக் கிடந்தார்கள். பவுண்டைக் காப்பாற்றக் கடன் வேண்டும். கடன் கிடைக்க வேண்டுமென்றால் அரசு செலவைக் குறைக்க வேண்டும். தந்தி வந்த பிறகு, வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10 சதவீதம் வெட்டலாமா என்ற கேள்விக்கு 11 பேர் சரி என்றார்கள், 9 பேர் கூடாது என்றார்கள். அத்தனை பேர் எதிர்த்தபின் ஆட்சியை நடத்த முடியாது. மறுநாளே பிரதமர் ராம்சே மக்டொனால்ட், எதிர்க்கட்சிகளான கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு 'தேசிய அரசு' அமைத்தார். கட்சி அவரை வெளியேற்றியது. மக்டொனால்ட் துரோகி, வங்கிக்காரர்கள் சதிகாரர்கள், அந்த ஒன்பது பேர் கொள்கைக் குன்றுகள் என்ற கதை அன்று பிறந்ததுதான். கதை விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் அது அந்த அமைச்சரவை முழுவதையும் குற்றத்திலிருந்து தப்பவிடுகிறது.

முந்தைய நான்கு வாரங்களைப் பார்த்தால் இது விளங்கும். சர் ஜார்ஜ் மே தலைமையிலான குழு ஜூலை 31 அன்று அறிக்கை தந்தது. பட்ஜெட்டில் 12 கோடி பவுண்டு துண்டு விழும், செலவில் 9.6 கோடி வெட்டுங்கள் என்றது. அதில் பெரும்பங்கு வேலையற்றோர் தலையில் விழுந்தது. உதவித்தொகையில் 20 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது குழு. இதை ஆராய ஐந்து அமைச்சர்கள் கொண்ட சிக்கனக் குழு அமைந்தது. பிரதமர், நிதியமைச்சர் ஸ்னோடன், தாமஸ் ஆகியோரோடு ஆர்தர் ஹெண்டர்சனும் வில்லியம் கிரஹாமும் அதில் இருந்தார்கள். பின்னர் ஒன்பது பேர் அணியில் நின்ற அதே ஹெண்டர்சன், அதே கிரஹாம்! அந்தக் குழு ஏறத்தாழ 7.8 கோடிக்கு வெட்டுப் பட்டியல் தயாரித்தது. முழு அமைச்சரவையும் அதைத் தட்டிக் குறைத்து 5.6 கோடிக்கு ஒப்புக்கொண்டது. வெட்டவே கூடாது என்று யாரும் ராஜினாமா செய்யவில்லை. ஆக, கடைசி நாள் சண்டை எவ்வளவு வெட்டுவது, யார் வயிற்றில் வெட்டுவது என்பதைப் பற்றியதுதான். பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த ஏற்பாட்டை எப்பாடுபட்டாவது காக்க வேண்டுமா என்ற மூலக் கேள்வியை அங்கே எவரும் பிடித்து உலுக்கவில்லை.

அந்தப் பத்து சதவீதம் அற்பம் என்று சொல்லவில்லை. வேலையிழந்த ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் கிடைத்தது. பின்னர் வந்த தேசிய அரசு அதை 15 ஷில்லிங் 3 பென்ஸாக்கியது. வேலையற்றோரோ 27 லட்சத்தைத் தொட்டிருந்தார்கள். ஒன்பது பேரின் மனம் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குப் பெருமைதான். ஆனால் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவரும், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணுமான தொழிலாளர் துறை அமைச்சர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் வெட்டுக்கு ஆதரவாக நின்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களின் குணத்தை வைத்து இந்தப் பிளவை அளக்க முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

சிறுபான்மை அரசு வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லிபரல்கள் தயவில்தான் ஆட்சி ஓடியது. மே குழுவுக்கு வழிவகுத்த நாடாளுமன்றத் தீர்மானமும் லிபரல்களுடையதே. ஆனால் 1929 தேர்தலில் பெரும் பொதுப்பணித் திட்டத்தோடு மக்களைச் சந்தித்தவர்களும் அதே லிபரல்கள்தான். 1930இல் தொழிற்கட்சி அரசிலேயே இருந்த ஆஸ்வால்ட் மோஸ்லி அந்தத் திசையில் திட்டம் வைத்தபோது அதைத் தள்ளியது லிபரல்கள் அல்ல, சொந்த அமைச்சரவை. (மோஸ்லி பிறகு பாசிசத்தில் போய் விழுந்தார் என்பதற்காக அந்தத் திட்டம் தவறாகிவிடாது.)

பின்னோக்கிப் பார்த்து அறிவாளி ஆவது எளிது, அன்று யாருக்குத் தெரியும் என்பது இன்னொரு வாதம். இது நிற்காது. ஆகஸ்ட் 5ஆம் தேதியே பொருளியலாளர் கெய்ன்ஸ், பவுண்டு அந்த மதிப்பிலேயே நிற்காது என்பது ஏறக்குறைய உறுதி என்று பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டார். தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின், சிக்கனத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற வாதத்தையே ஏற்கவில்லை. அதாவது மாற்றுக் கருத்து அமைச்சர்களின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஸ்னோடனின் கணக்கு வேதவாக்கு என்று நம்பிய ஒரு பழக்கம்தான் குறுக்கே நின்றது. பொருளாதாரம் நிதியமைச்சர் பாடு, நமக்கு நம் துறை போதும் என்று இருபது பேரும் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டார்கள். கூட்டுப் பொறுப்பு என்பது கூடிக் கையெழுத்துப் போடுவதாக மட்டுமே சுருங்கிப் போயிருந்தது.

பவுண்டைக் காப்பதற்கென்றே பிறந்த தேசிய அரசு, ஒரு மாதம்கூட ஆகாமல், செப்டம்பர் 21 அன்று தங்கப் பிணைப்பைக் கைவிட்டது. பவுண்டு சரிந்தது, நாடு மூழ்கவில்லை. அடுத்த ஆண்டு நடுவில் இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் 2 சதவீதத்துக்கு இறங்கியது. உதவித்தொகை வெட்டு மட்டும் 1934 வரை நீடித்தது. அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி 50 இடங்களைச் சுற்றி ஒடுங்கியது. ஒன்பது பேரில் ஹெண்டர்சன் உட்பட பெரும்பாலோர் தோற்றார்கள், ஜார்ஜ் லான்ஸ்பரி தப்பினார். மக்டொனால்ட் மீது விழுந்த பழியில் பெரும்பங்கு அவருக்குரியதே. மீதியை அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மற்றவர்களுக்கும், ஒன்பது பேர் உட்பட, பங்குபோட்டுத்தான் கொடுக்க வேண்டும்.