அண்ணத்தின் அச்சும் ழகரத்தின் இடமும்

நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தடவுமிடத்து ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும், அண்ணத்தை ஒற்றுமிடத்து றகரமும் னகரமும் பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வேறுபடுத்துகிறது. இத்தடவுதலைக் கண்ணால் காண்பதற்கு ஒலியியலார் பல் மருத்துவரின் கைத்திறனை நாடினர்.

கரித்தூளை ஒலிவ எண்ணெயில் குழைத்து நாவில் பூசி, ஒரு சொல்லை ஒருமுறை சொல்லச் செய்வர். நா தொட்ட இடம் கறுக்கும். அதனை வாய்க்குள் வைத்த கண்ணாடியின் வழியே படம்பிடிப்பர். ஆராயும் ஒலியைத் தவிர நா மேலே தொடும் வேறு மெய் அச்சொல்லில் இருத்தலாகாது. எனவே 'பழம்' பொருந்தும்; 'தமிழ்' பொருந்தாது, தகரமே கறையிட்டுவிடும். எம் மாணவர் பலரும் முதலில் கொண்டுவருவது அச்சொல்லைத்தான்! 1999இல் சிரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெயில் கௌன் ஆகியோர் வெளியிட்ட தமிழ் ஒலி ஆய்விலும் இம்முறை இடம்பெற்றது.

படம் தட்டையானது, அண்ணமோ வளைந்தது. உயரத்தை அறிய அண்ணத்தின் அச்சு வேண்டும். கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட் பொடியை நீரில் குழைத்துத் துளைகளுள்ள தட்டில் நிரப்புவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவ அறையில் யாம் முதன்முறை முயன்றபோது குழாய்நீரையே ஊற்றினோம். நம் நாட்டு வெப்பத்தில், தட்டு வாய்க்குள் செல்லுமுன்பே கலவை இறுகிற்று. குளிர்ந்த நீரால் மறுமுறை எடுத்த அச்சிலோ, அண்ணத்தின் உச்சியில் காற்று சிறைப்பட்டிருந்தது. அக்குழி வார்ப்பில் மேடாகிவிட, அண்ணத்தின் உயரத்தைக் குறைத்துக் கணித்தோம். தட்டை வைக்குமுன் சிறிது கலவையை விரலால் உச்சியில் தடவியிருப்பின் இப்பிழை நேர்ந்திராது.

தட்டின் பின்பகுதியை முதலில் அழுத்தினால் மிகுதிக் கலவை தொண்டைக்குச் செல்லாது முன்னே வழியும். அமர்ந்திருப்பவர் தலையைச் சற்று முன்சாய்த்து மூக்கால் மூச்சுவிடல் வேண்டும். இறுகியபின் மெல்ல அசைத்தெடுத்தால் அச்சு கிழியும் அல்லது கோணும். ஒரே இழுப்பில் எடுத்தல் நன்று. ஆல்ஜினேட் நீரிழந்து சுருங்கும். நீரில் ஊறினால் உப்பும். ஆதலின் ஈரத்துணியில் சுற்றி, தாமதியாது பாரிஸ் சாந்து வார்த்தல் வேண்டும்.

செம்மையான வார்ப்பில் கறையைக் குறித்தபோது, ழகரத்திற்கு நடு அண்ணம் தூய்மையாக இருந்தது. கறை இருபுறமும் கடைவாய்ப் பற்களை ஒட்டியே படிந்திருந்தது. ளகரத்திற்கோ நடுவில் கறை தெளிவாக விழுந்தது. கிள்ளான் வகுப்பறைகளில் "நாக்கை இன்னும் மடக்கி மேலே தொடு" என்று ஆசிரியர் திருத்தக் கேட்டிருக்கிறோம். அவ்வாறே தொட்ட பிள்ளைகள் 'பளம்' என்றனர்.